நெஞ்சு திரும்பத் துடித்த பிறகு வரும் மூன்று நாள்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் நலப்பணிகள் இணை இயக்குநர்களுக்கும், பழைய வடார்க்காட்டுப் பகுதியில் அரசோ தனியாரோ ஐசியூ நடத்துகிற எல்லா மருத்துவமனைகளுக்கும்,

வணக்கம்.

நான் குடியாத்தத்துக்காரன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கைத்தறி லுங்கிதான் தொழில். மருத்துவம் படித்தவன் இல்லை. ஐசியூ வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தவன், அதற்கப்புறம் இரண்டு வருடமாக அந்தப் பதினோரு நாளைப் பற்றியே டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் கேட்டுக்கொண்டும், கிடைத்ததைப் படித்துக்கொண்டும் இருப்பவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கத்திரி வெயில் நேரம், காலை ஏழு மணி இருக்கும். அண்ணன் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர் அப்படியே முன்னால், தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூலான பாவின் மேல் சாய்ந்துவிட்டார். வயது 51. அண்ணி போட்ட சத்தத்துக்கு நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எதிர்வீட்டுப் பையன் குழியில் இறங்கி அவரைத் தூக்கித் தரையில் கிடத்தியிருந்தான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற பையன், அங்கே முதலுதவிப் பயிற்சியில் நெஞ்சை அமுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 100லிருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டராவது உள்ளே போகிற மாதிரி அமுக்க வேண்டும் என்று கற்றதை மறக்காமல், 108 வருகிற வரைக்கும் விடாமல் அமுக்கினான். பிறகு பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையில் இரண்டு முறை ஷாக் கொடுத்தார்கள், துடிப்பு வந்துவிட்டது. டாக்டர் வெளியே வந்து “பல்ஸ் வந்துடுச்சு” என்றதும் தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. பிழைத்துக்கொண்டார், இனிமேல் பயமில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். அடுத்த மூன்று நாள் அண்ணனைக் கவனித்துக்கொண்டவர்களில் சிலரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று பிற்பாடு புரிந்தது. இந்த மடலே அதைப் பற்றித்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். மாரடைப்பு என்பது இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது. அந்த ஆள் பேசுவார், வியர்க்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்துகூட வருவார். இதயம் நின்றுபோவது வேறு. துடிப்பே நிற்பதால் ஆள் சில நொடியிலேயே நினைவிழந்து விழுந்துவிடுவார். மாரடைப்பு இதற்கு ஒரு பெரிய காரணம், ஆனால் ஒரே காரணம் இல்லை. மாரடைப்புக்குத் தமிழ்நாட்டில் நிறையவே நடந்திருக்கிறது. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள், ஸ்டென்ட் வைக்க முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. அதையெல்லாம் நன்றியோடுதான் நினைக்கிறேன். நின்றுபோய்த் திரும்ப வந்த இதயத்துக்கும், அதைவிட அதற்குச் சொந்தக்காரரின் மூளைக்கும், அதே அளவு ஒழுங்கான ஏற்பாடு வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

இதயம் நின்று நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பித்துவிடும் என்பது பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது இது: ரத்தம் திரும்ப ஓட ஆரம்பித்த பிறகும் அந்தக் கேடு மணிக்கணக்கில், நாள்கணக்கில் தொடர்கிறது. வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது கரை எப்படி அரித்துக்கொண்டு போனது என்று நாம் பார்த்தோம் அல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பட்டினி கிடந்த திசுவுக்குள் ரத்தம் திடீரென்று திரும்பப் பாயும்போது அதுவே ஒரு சேதத்தைச் செய்கிறது. மூளை வீங்கலாம், வலிப்பு வரலாம். இதயமே இரண்டு மூன்று நாளைக்குச் சோர்ந்து போய் ரத்த அழுத்தம் இறங்கலாம். மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், இதயம் நின்றதற்குப் பிந்தைய நோய்க்கூறு என்று. ஆக, ஷாக் கொடுத்துத் துடிப்பு வந்த நிமிடத்திலிருந்துதான் இன்னொரு வைத்தியம் தொடங்க வேண்டும்.

எங்களுக்கு அது எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். முதல் மருத்துவமனையில் பெரிய ஐசியூ இல்லை என்பதால் வேறு ஊரிலிருந்த இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரண்டு மருத்துவமனையின் பெயரையும் சொல்லப்போவதில்லை, ஒரு ஆளையோ ஒரு இடத்தையோ மாட்டிவிட நான் எழுதவில்லை. கையில் கொடுத்தது அரைத்தாள். பெயர், வயது, அதற்குக் கீழே ஒரே வரியில் என்ன நடந்தது என்று. அவர் எத்தனை மணிக்கு விழுந்தார், எத்தனை நிமிடத்தில் அமுக்க ஆரம்பித்தார்கள், எத்தனை ஷாக், எத்தனை மணிக்குத் துடிப்பு வந்தது, என்ன மயக்க மருந்து போட்டிருக்கிறது, ஒன்றும் அதில் இல்லை. அந்தப் பக்கம் போனதும் டியூட்டி டாக்டர் இதையெல்லாம் என்னிடம் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? ஏழு மணி இருக்கும் என்றேன். அமுக்கிய பையனோ குடியாத்தத்திலேயே நின்றுவிட்டான், அவனுக்குப் போன் போட்டுக் கேட்க எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அண்ணன் விழுந்த உடனே அந்தப் பையன் அமுக்க ஆரம்பித்தான் என்ற ஒரு தகவல், அவர் பிழைப்பாரா மாட்டாரா என்று கணிக்கிற டாக்டருக்கு எவ்வளவு பெரிய தகவல்! அது கேஸ் ஷீட்டில் ஏறவே இல்லை.

அதனால் முதல் வேண்டுகோள் செலவே இல்லாதது. இதயம் நின்று திரும்பியவரை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது இந்த ஐந்தாறு விவரத்தையும் நிரப்புகிற ஒற்றைத்தாள் படிவம் ஒன்று நான்கு மாவட்டத்துக்கும் பொதுவாக இருக்கட்டும். அனுப்புகிற டாக்டர் வாங்குகிற டாக்டரிடம் முன்கூட்டியே போனில் பேசட்டும். 108இல் வருகிறவர்கள் தாங்கள் கண்ட நேரத்தை அதே தாளில் எழுதட்டும்.

அடுத்து காய்ச்சல். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். கட்டில் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கியது, பேனாவால் கட்டம் கட்டமாக எழுதியது. அதில் நாடித்துடிப்பு மணிக்கு ஒருதரம் இருந்தது, ரத்த அழுத்தம் மணிக்கு ஒருதரம் இருந்தது. உடம்புச்சூடு என்ற கட்டத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு எண், பிறகு மதியம் இரண்டு மணிக்கு ஒரு எண், அவ்வளவுதான். இரண்டு மணிக்கு எழுதியிருந்தது 102.4. நான் அண்ணன் நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது. மேலே கம்பளி போர்த்தியிருந்தார்கள். கேட்டதற்கு, “ஐசியூல காய்ச்சல் வர்றது சகஜம்ங்க, பாராசிட்டமால் போட்டிருக்கு” என்று பதில் வந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்ன பதில் இல்லை அது. காய்ச்சல் ஒரு பெரிய விஷயமாக அங்கே யாருக்கும் படவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அடிபட்ட மூளைக்கு அது பெரிய விஷயம். இருபது வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க இந்தச் சூட்டைப் பற்றித்தான் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 2002இல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செய்த இரண்டு ஆய்வுகள், நினைவு திரும்பாத நோயாளியின் உடம்பை 32லிருந்து 34 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் மூளை தப்பிக்கிற வாய்ப்பு கூடுகிறது என்று சொல்லின. 2013இல் 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2021இல் 1,800க்கும் மேற்பட்டவர்களை வைத்து, 33 டிகிரிக்குக் குளிர்விப்பதையும், குளிர்விக்காமல் காய்ச்சல் தலைகாட்டியதும் அடக்குவதையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இறப்பில் இரண்டும் சமம். எனக்கு இதில் கிடைத்த செய்தி எங்கள் ஊருக்கு மிக நல்ல செய்தி. லட்சக்கணக்கில் விலையுள்ள குளிர்விக்கும் கருவி இல்லையென்று யாரும் கைவிரிக்க வேண்டாம், காய்ச்சல் ஏறவிடாமல் கண்ணும் கருத்துமாக இருந்தால் அதுவே பெரிய வைத்தியம். 2021இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், நினைவு திரும்பாதவருக்குக் குறைந்தது 72 மணி நேரம் சூடு 37.7ஐத் தாண்டக் கூடாது என்றது. நம் கணக்கில் சொன்னால் ஃபாரன்ஹீட்டில் 100ஐத் தொடவிடக் கூடாது.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் வெளியே 105, 106 டிகிரி அடிக்கும்போது, மின்சாரம் போய் ஜெனரேட்டர் வருகிற இடைவெளியில் ஏசி நின்றாலே வார்டு சூடேறிவிடும். தன் உடம்புச்சூட்டைத் தானே அடக்கத் தெரியாத நிலையில் அந்த மூளை கிடக்கிறது. எனவே தயவுசெய்து, உள்சூட்டைத் தொடர்ந்து காட்டுகிற உணர்கருவி ஒன்றைப் பொருத்துங்கள். அதற்கு வழியில்லாத இடத்தில் மணிக்கொருதரமாவது அளந்து எழுதுங்கள். கம்பளியை எடுங்கள், நேரம் தவறாமல் மருந்து கொடுங்கள், ஈரத்துணி போடுங்கள், ஐஸ் பை வையுங்கள். சூடு எவ்வளவு ஏறினால் எதைச் செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி ஐசியூ சுவரில் ஒட்டுங்கள். ராத்திரி டியூட்டியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் டாக்டரை எழுப்ப யோசிக்காமல் அந்தத் தாளைப் பார்த்துச் செய்துவிடலாம்.

மற்றதும் இதே மாதிரிதான், பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஆக்சிஜன் குறைந்தால் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும், முழுசாகத் திறந்துவிட்டு நாள்கணக்கில் 100இலேயே வைத்திருப்பதும் நல்லதில்லை, ரத்தத்தில் 94லிருந்து 98 சதவீதத்துக்குள் போதும் என்கிறார்கள். சராசரி ரத்த அழுத்தம் 65க்குக் கீழே போகக் கூடாது. சர்க்கரை 180க்கு மேலே ஏறாமலும் தாழ்ந்துபோகாமலும் பார்க்க வேண்டும். வலிப்பு கை கால் உதறினால்தான் தெரியும் என்பதில்லை, மருந்தில் கிடக்கும் உடம்பில் வெளியே தெரியாமலும் மூளைக்குள் ஓடும், அதை மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற ஈஈஜி எடுத்துத்தான் பிடிக்க முடியும். ஈசிஜியில் அடைப்பின் அடையாளம் இருந்தால், ரத்தக்குழாய்க்குள் பார்க்கிற ஆஞ்சியோ உடனே வேண்டும். இதெல்லாம் உங்களில் பலருக்குத் தலைகீழ்ப் பாடம். எல்லாக் கட்டிலுக்கும், எல்லா ராத்திரிக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து நடக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இனி, எனக்கு எழுதவே கை நடுங்குகிற பகுதி.

அண்ணனைச் சேர்த்து இருபது மணி நேரம்கூட ஆகவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு மேல், வராண்டாவில் நின்றபடி ஒரு டாக்டர் என்னிடம், “பிரெயின் போயிடுச்சு, கிட்டத்தட்ட மூளைச்சாவு மாதிரிதான். வச்சிருந்து செலவு பண்றதும் உங்க இஷ்டம், வீட்டுக்கு இட்டுக்கினு போறதும் உங்க இஷ்டம்” என்றார். மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும். அண்ணி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். மாமா உடனே வேன் பேசப் போய்விட்டார், ஊரில் சொந்தக்காரர்களுக்குத் தகவல் போய்விட்டது, எங்கள் தெருவில் பந்தல் போடுவது பற்றிப் பேச்சு வந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய தாள் என் கையில் இருந்தது. அப்போது தண்ணீர் பிடிக்க வந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, என் பக்கத்தில் வந்து மெதுவாக, “அண்ணே, இன்னும் மயக்க ஊசி ஓடிக்கினே இருக்குது. அது நின்னு உடம்ப விட்டுப் போனப்புறம்தான் எதையும் சொல்ல முடியும். அவசரப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை.

நான்காம் நாள் அண்ணன் வலது கைவிரல் அசைந்தது. ஆறாம் நாள் கண்ணைத் திறந்தார். ஒன்பதாம் நாள், மூச்சுக்காகத் தொண்டையில் விட்டிருந்த குழாயை எடுத்த பிறகு அவர் கேட்ட முதல் வார்த்தை “பாவு அறுந்துடுச்சா?” என்று.

எல்லோருக்கும் இப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். அதே வராண்டாவில் என்னோடு உட்கார்ந்திருந்த இரண்டு குடும்பம் பிணத்தோடுதான் வீடு போனது, அவர்களுக்கு நடந்த வைத்தியத்தில் குறையிருந்தது என்று நான் சொல்லவும் இல்லை. நான் சொல்வது நேரத்தைப் பற்றி. நினைவு திரும்புமா என்று கணிப்பதற்குக் குறைந்தது 72 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன, அதுவும் மயக்க மருந்தின் வேகம் முழுக்க இறங்கிய பிறகு. அடிபட்ட சிறுநீரகமும் ஈரலும் அந்த மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும் என்பதால் சிலருக்கு இன்னும் நாளாகும். அப்போதும் ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, ஈஈஜி என்ன சொல்கிறது, நரம்பு வழியாக அனுப்பும் மின்துடிப்பு மூளையைப் போய்ச் சேர்கிறதா, ஸ்கேனில் என்ன தெரிகிறது என்று பலதையும் சேர்த்துப் பார்த்து, குறைந்தது இரண்டு அடையாளமாவது ஒத்துப்போனால்தான் பேச வேண்டும். முதல் நாளே கைவிட்டுவிட்டால் அந்த ஆள் செத்துத்தான் போவார். செத்துவிட்டதால் சொன்னது சரி என்றும் ஆகிவிடும். எத்தனை பேர் அப்படிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

‘மூளைச்சாவு’ என்ற வார்த்தையைத் தயவுசெய்து வராண்டாவில் பயன்படுத்தாதீர்கள். அது 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் வருகிற வார்த்தை. நான்கு பேர் கொண்ட மருத்துவக் குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டியது. நினைவில்லாமல் கிடப்பது மூளைச்சாவு ஆகாது. அதேபோல உயிர்காக்கும் கருவியை எடுப்பதற்கும் உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு முறையை வகுத்து, 2023இல் அதை எளிதாக்கியும் கொடுத்திருக்கிறது, இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று. இத்தனை கவனத்தைச் சட்டம் கேட்கிற இடத்தில், விடிகாலையில் ஒரு தம்பியிடம் ஒரு தாளை நீட்டி “மருத்துவர் ஆலோசனைக்கு எதிராக அழைத்துச் செல்கிறேன்” என்று எழுதி வாங்குவதில் காரியம் முடிந்துபோகிறது. ஆலோசனையே அவர்கள் சொன்னதுதானே!

குடும்பத்தோடு பேசுவதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். தினமும் ஒரு நேரம் சொல்லுங்கள், அது சாயங்காலம் ஐந்தாக இருக்கட்டும், பதினைந்து நிமிடம், நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொறுப்பான ஒரு டாக்டர் பேசட்டும். இன்றைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எந்த நாளில் அடுத்த முடிவு என்று சொன்னால் போதும், நாங்கள் தாங்கிக்கொள்வோம். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தாய்மொழி தமிழ் கிடையாது என்பதையும் யோசியுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆட்களில் நிறையப் பேர் வீட்டில் உருது பேசுகிறவர்கள், குடியாத்தம் சுற்றிலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். பகலில் தமிழில் வியாபாரம் பேசுகிற ஒரு அம்மாவுக்குத் தன் பிள்ளை பிழைப்பானா என்பதைத் தன் பாஷையில்தான் கேட்டுக்கொள்ள முடியும். அந்த வராண்டாவில் ஒரு பாயம்மா டாக்டர் சொன்னதைப் புரிந்துகொள்ள வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

இந்த 72 மணி நேரத்துக்கு அரசிடம் ஒன்று கேட்கிறேன். 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ என்று சாலை விபத்துக்காரர்களுக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாத சிகிச்சையைக் கொண்டு வந்தீர்கள். கையில் காசு இருக்கிறதா, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்காமல் முதலில் உயிரைப் பாருங்கள் என்ற அந்த யோசனை எத்தனையோ வீட்டில் விளக்கு எரிய வைத்திருக்கிறது. இதயம் நின்று திரும்பியவர்களுக்கும் அதே மாதிரி ஒரு 72 கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்கிற குடும்பங்கள் பாசமில்லாமல் நினைப்பதில்லை, நாளொன்றுக்கு ஆகிற வென்டிலேட்டர் செலவைப் பார்த்துத்தான் நினைக்கிறார்கள். எங்கள் மாமா வேன் பேசப் போனதற்கும் அதுதான் காரணம், அவர் அப்போதே இரண்டு இடத்தில் கடன் வாங்கியிருந்தார். மூன்று நாள் செலவுக்குப் பயமில்லை என்று தெரிந்தால் யாரும் இருபதாவது மணியில் முடிவெடுக்க மாட்டார்கள்.

சரி, பிழைத்து வந்தார், வீட்டுக்கு வந்துவிட்டார். அப்புறம்?

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏழு மாத்திரை இருந்தது, உப்பைக் குறை என்று இருந்தது, பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லி இருந்தது. அவருடைய ஞாபகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுபரிசோதனைக்குப் போனால் ஈசிஜி எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், “நல்லா இருக்கார்” என்றார்கள். இதயம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? எந்தக் கட்டம் போட்ட லுங்கிக்கும் நூல் கணக்கைத் தாளே பார்க்காமல் முப்பது வருடம் நெய்த மனிதர், நூலைக் குறுக்கே ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்து எந்தக் கலர் என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அண்ணி ஒரு வாரம் அதைப் பார்த்துவிட்டு, எட்டாவது நாள் சாக்பீஸ் எடுத்துத் தறிக்கு நேரெதிர்ச் சுவரில் எழுதினார்: சிவப்பு 12, வெள்ளை 4, பச்சை 8, வெள்ளை 4. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அண்ணன் எழுந்துபோய் ஒரு கோடு போட்டுவிட்டு வந்து உட்காருவார். பஜாருக்குப் போனவர் வழி தெரியாமல் சந்தைப்பேட்டையில் நின்ற நாளும் உண்டு. சின்ன விஷயத்துக்குக் கத்துவார், பிறகு அதற்காக அழுவார். மத்தியானத்துக்கு மேல் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அண்ணியோ இன்றைக்கும் ராத்திரி அவர் நெஞ்சின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் படுக்கிறார், நின்றுவிட்டதா நின்றுவிட்டதா என்று முழித்து முழித்துப் பார்த்துக்கொண்டு.

பைத்தியம் பிடிக்கப் போகிறது, செய்வினை, இப்படியெல்லாம் தெருவில் பேசினார்கள். ஒன்றரை வருடம் கழித்து வேறொரு டாக்டர்தான் உட்கார வைத்து, இது இதயம் நின்றவர்களுக்கு வரக்கூடியதுதான், மூளைக்கு அந்த நேரத்தில் ரத்தம் போகாததால் வந்தது, பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றலாம் என்று சொன்னார். அதை முதல் மாதமே ஒருவர் சொல்லியிருந்தால் அண்ணன் தன்னையே வெறுத்துக்கொண்டு கழித்த அந்த நாட்கள் மிச்சமாகியிருக்கும். 2020இல் அமெரிக்க இதயச் சங்கம், இதயம் நின்றவருக்கு வரிசையாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிற தன் உயிர்காப்புச் சங்கிலியில் ஆறாவது கண்ணியாகத் ‘தேறிவருதல்’ என்பதைப் புதிதாகச் சேர்த்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலோ, அனுப்புவதற்கு முன்னால் ஒரு சோதனையும், மூன்று மாதத்துக்குள் ஞாபகம், மனச்சோர்வு, அசதி இவற்றைக் கேட்டறிய ஒரு சந்திப்பும் வேண்டும் என்கிறது, வீட்டாரையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறது.

இதை வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். வேலூருக்கு இது சொந்தப் பாடம். 1961இல் நாட்டிலேயே முதன்முதலாகத் திறந்த இதய அறுவை சிகிச்சை வெற்றியாக நடந்த ஊர் இது, சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். அதே சிஎம்சியில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, அந்தத் துறையை இங்கே நிலைநிறுத்தினார். வேலூர் பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு மையம் வந்தது. உயிரைக் காப்பாற்றிய பிறகு அந்த ஆள் எப்படி வாழப் போகிறார் என்று கேட்க அறுபது வருடத்துக்கு முன்னாலேயே கற்றுக்கொடுத்த மண்ணில் நின்றுகொண்டுதான் நான் கேட்கிறேன். முதுகுத்தண்டுக்கு இருக்கிற அந்த அக்கறை, நின்று திரும்பிய இதயக்காரர்களுக்கும் வேண்டும், நான்கு மாவட்டத்தின் எல்லா மருத்துவமனையிலும் வேண்டும்.

அனுப்பும்போது ஒரு தமிழ்த்தாள் கொடுங்கள். ஞாபகம் குறையலாம், கோபம் வரலாம், இந்த இந்த மாதிரி இருந்தால் இங்கே வாருங்கள் என்று. இதயம் ஏன் நின்றது என்பதற்கு விடை தேடாமல் அனுப்பாதீர்கள். சிலருக்கு உடம்புக்குள் பொருத்துகிற ஷாக் கருவி தேவைப்படும், சிலருக்கு அது பரம்பரையில் வருவதாக இருக்கும், அப்போது கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும். நானே ஒரு வருடம் கழித்துத்தான் போய் ஈசிஜி எடுத்துக்கொண்டேன், யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும் முன் அந்த வீட்டில் இரண்டு பேருக்காவது நெஞ்சை அமுக்கக் கற்றுக்கொடுங்கள், அரை மணி நேர வேலை. அண்ணியின் கைக்கு அது தெரிந்திருந்தால் அவர் கொஞ்சம் தூங்குவார் என்று நினைக்கிறேன். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இலிருந்து வீடு தேடி வருகிறது, பிரஷர் மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் கொடுக்கிறார்கள். அப்படி வருகிற சகோதரிகளின் கையில், இதயம் நின்று திரும்பியவர் இருக்கும் வீட்டில் கேட்க வேண்டிய ஐந்து கேள்வியைக் கொடுத்தனுப்புங்கள். வழி மறக்கிறதா, தூக்கம் வருகிறதா, வேலைக்குப் போகிறாரா, அழுகிறாரா, வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் எப்படி இருக்கிறார். அப்புறம், ஒவ்வொரு மருத்துவமனையும் வருடா வருடம் எண்ணிச் சொல்லட்டும்: இதயம் நின்று வந்தவர்கள் எத்தனை, துடிப்பு திரும்பியவர்கள் எத்தனை, நடந்து வீடு போனவர்கள் எத்தனை, ஆறு மாதம் கழித்துத் தன் வேலையைத் தானே செய்கிறவர்கள் எத்தனை.

அந்த ஸ்டாஃப் நர்ஸ் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கு ஒன்று. தங்கச்சி, உன் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நீ சொன்ன அந்த இரண்டு வரியை இனிமேல் யாரும் யாருக்கும் தெரியாமல் மெதுவாகச் சொல்ல வேண்டிய நிலை இருக்கக் கூடாது, அதற்காகத்தான் இத்தனை பக்கம்.

இந்த மடலின் நகலை வருகிற திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்வு நாளில் மனுவாகக் கொடுக்கப் போகிறேன். அண்ணனும் வருகிறார், அவரே வரிசையில் நின்று கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அண்ணி இப்போதே ஒரு சீட்டில் என் போன் நம்பரையும் எங்கள் தெருப் பெயரையும் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்திருக்கிறார், பஸ் ஸ்டாண்டில் கை விட்டுப்போனால் யாரிடமாவது காட்டுவதற்கு.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி